செங்கமலம் செத்துக் கிடந்த மத்தியானம்

மூச்சை வயிற்றில் விடக் கூடாது. மேல்நெஞ்சில் கொஞ்சமாக எடுத்து, எடுத்தது தெரியாமல் விட வேண்டும். வாயில் எச்சில் ஊறினால் கேமரா ஓடும்போது விழுங்கக் கூடாது, தொண்டைக்குழி காட்டிக் கொடுத்துவிடும். இதெல்லாம் செங்கமலத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வருஷக்கணக்காகச் செத்துக்கொண்டிருக்கிறவள். காசநோயில் செத்திருக்கிறாள், கிணற்றில் விழுந்து செத்திருக்கிறாள், மருமகளுக்கென்று கலந்து வைத்த விஷத்தைத் தானே குடித்துச் செத்திருக்கிறாள், மகன் ஜெயிலிலிருந்து திரும்பும் அன்றைக்கு வாசற்படியில் தலை சாய்த்துச் செத்திருக்கிறாள். இன்றைக்கு மாரடைப்பு. பெஞ்சு மேல் ஜமுக்காளம், தலைமாட்டில் விளக்கு, மூக்கில் பஞ்சு, முகவாயைத் தலையோடு சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, நெற்றியில் ஒற்றை ரூபாய், கால் கட்டைவிரல் இரண்டையும் இழுத்து ஒரு முடிச்சு. தலையைத் தெற்கே வைக்க வேண்டுமே, இந்த செட்டில் தெற்கு எது என்று உதவி டைரக்டர் கேட்டான். கேமராவுக்கு எது வசதியோ அதுதான் தெற்கு என்றார் டைரக்டர் சாரங்கன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முகவாய்க் கட்டு விடவில்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள். மேலே பரணில் விளக்குக்காரர்கள் விளக்கைத் திருப்பும் போதெல்லாம் இமைக்குள் சிவப்பு ஏறி இறங்குகிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்த நேரம், எங்கேயோ யாரோ வெற்றிலை போட்ட வாசனை, புதுச் சாந்து வாசனை, சாமந்தி மாலையின் ஈர வாசனை. அந்தச் சிவப்புக்கு அந்தப் பக்கம், கேமராவுக்குப் பின்னால் இருட்டில், ஒரு மடக்கு நாற்காலியில் வசுமதி உட்கார்ந்திருக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்பார்கள், பொய்ப் பிணத்துக்கு அது உண்டா இல்லையா என்று யாரைக் கேட்பது. வெளியே போய் மரத்தடியில் உட்கார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் பக்கத்தில் இருக்கட்டும் என்ற ஆசை. சாயங்கால வண்டிக்குத் திருச்சிக்குப் போகிறவள். இந்த ஷாட் முடிவதற்குள் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் எப்போது. அவள் போன பிறகு வீட்டில் யாரும் இல்லை. அம்மாவும் இல்லை.

அம்மா என்ற சொல் மனசுக்குள் வந்ததும் வழக்கம்போல அது எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் தடுமாறிற்று. தன்னைப் பெற்ற குஞ்சம்மாளா, தானா. முதன்முதலில் அந்தச் சொல்லை ஒருவன் தன் முகத்துக்கு நேராகச் சொன்னது சேலத்தில், ஒரு படப்பிடிப்பில். அவளுக்கு அப்போது வயது இருபதுகூட முழுசாகவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் நாடகக் கம்பெனியோடு கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய் அவள் கதாநாயகியாக நடித்திருந்தாள். ஒரே ஒரு படம். அந்த ஊர்க் காக்காய்கள் ஒலிப்பதிவைக் கெடுக்கும் என்று கம்பு வைத்துக்கொண்டு ஓட்ட ஒரு ஆள் போட்டிருந்தார்கள். கதாநாயகனாக நடித்தவன் நன்றாகப் பாடுவான். கல்கத்தாக் குளிரில் தன் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டான். அவ்வளவில் ஆரம்பித்தது. அவனுக்கு மாயவரத்தில் மனைவி உண்டு என்பது அவளுக்குத் தெரியும், தெரியாது என்று சொல்ல முடியாது. திரும்பி வந்தபோது இரண்டு மாதம். குஞ்சம்மாள் அடிக்கவில்லை, திட்டவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு எவன் கதாநாயகி வேஷம் தருவான் என்று ஒரு நாள் பூராவும் யோசித்தாள். பிறகு மகளை அழைத்துக்கொண்டு கும்பகோணத்தில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு மாடிக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் தெருவில் நாலு பேரிடம் தனக்கு வாந்தி வருகிறது, இந்த வயசில் இது என்ன கூத்து என்று வெட்கப்பட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனாள். முதல் நடிகை அவள்தான். மாடியில் இவள் வயிறு பெருக, கீழே அவள் சேலைக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தாள். வசுமதி பிறந்ததும் கழுவித் துடைத்து எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, இனிமேல் நீ இவளுக்கு அக்கா என்றாள். அக்கா. பால் கட்டி நெஞ்சு கல்லாகிக் கிடந்த அக்கா. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்கள், பால் வற்ற. இன்றைக்கும் மல்லிகை வாசனை வந்தால் மார் வலிக்கிறது. நல்லவேளை, இந்த மாலை சாமந்தி. சேலத்துக் கம்பெனியில் மறுபடி வேஷம் கேட்டுப் போய் நின்றபோது டைரக்டர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். உடம்பு விழுந்து போச்சே, ஹீரோயின் ஆகாது, ஹீரோவுக்கு அம்மா இருக்கு, செய்யறியா என்றார். ஹீரோவுக்கு அவளைவிடப் பதினைந்து வயது அதிகம். தலைமுடியில் வெள்ளைப் பொடியைத் தட்டினார்கள். அந்த ஆள் காலில் விழுந்து அம்மா என்றான். தலையில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்க மறந்துவிட்டாள். நடிப்பு பிரமாதம் என்றார் டைரக்டர். அந்தப் பொடி பிறகு தலையைவிட்டு இறங்கவே இல்லை.

மூக்கு நுனியில் ஈ. உட்காரட்டும். ஈ உட்கார்ந்தால் நல்லது, இன்னும் நிஜமாகத் தெரியும். ஈயை ஓட்ட வேண்டும் என்று கை துடிக்கிறவள் உயிரோடு இருக்கிறவள். எத்தனை பேருக்கு அம்மா, எத்தனை பேருக்கு மாமியார். மாமியார் வேஷம் போட்ட பிறகுதான் ஊருக்கு அவளைத் தெரிந்தது. ஒரு கோயிலில் குங்குமம் வாங்கிக்கொண்டு நின்றபோது பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை சட்டென்று தள்ளி நின்றாள். பாவி, அந்தப் பொண்ணுக்குச் சூடு போட்டியே, உனக்குப் பெண்ணுன்னு ஒண்ணு இருந்தா தெரியும் என்றாள். படத்தில் போட்ட சூடு. செங்கமலம் குங்குமத்தை மடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து வசுமதியின் கையை இழுத்துப் பார்த்தாள், ஏதாவது தழும்பு இருக்கிறதா என்று. பைத்தியக்காரத்தனம். குழந்தை என்னக்கா என்றது. ஒன்றுமில்லை என்றாள். இன்னும் சின்னதாக இருந்தபோது ஒரு நாள் முகத்தைக் கழுவ நேரமில்லாமல் வெள்ளைத் தலையோடும் கோடு போட்ட கன்னத்தோடும் வீட்டுக்குள் வந்துவிட்டாள். வசு அலறிக்கொண்டு ஓடிப் போய்க் குஞ்சம்மாளின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. அதற்குப் பிறகு எவ்வளவு களைப்பானாலும் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் படியேறுவாள். அதெல்லாம் போகட்டும், அந்த ஜுரம். வசுவுக்கு அம்மை வார்த்திருந்தது. வேப்பிலைப் பாயில் கிடந்து அம்மா அம்மா என்று முனகுகிறாள். செங்கமலம் எழுந்தாள். எழுந்தது தெரியாமலே எழுந்துவிட்டாள். தோளில் ஒரு கை விழுந்தது. அழுத்தவில்லை, சும்மா வைத்த கை. உன்னைக் கூப்பிடல என்றாள் குஞ்சம்மாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குஞ்சம்மாள் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். உன்னைக் கூப்பிடல. எந்தப் படத்தில் யார் அம்மா என்று கூப்பிட்டாலும் வசனத்துக்கு முன்னால் ஒரு நொடி அந்தக் கை தோளில் வந்து உட்காரும். அதனால்தான் அவள் பதில் சொல்வதற்குள் சின்னதாய் ஒரு தயக்கம் விழும். அந்தத் தயக்கத்தைப் பத்திரிகைக்காரர்கள் பாராட்டி எழுதினார்கள். செங்கமலத்தின் தனி முத்திரையாம்.

யாரோ சைலன்ஸ் என்றார்கள். விசிறிகள் நின்றன. கிளாப் கட்டை தட்டும் சத்தம் காதுக்கு அருகில் கேட்டது. பிறகு கொலுசு ஓடி வந்தது. மகளாக நடிக்கும் நளினா. நல்ல பெண், பத்தொன்பது வயசு, அழுவதற்குக் கிளிசரின் போடுகிறவள், போட்டது கண் எரிகிறது என்று காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தாள். ஓடி வந்து அவள் மார்மேல் விழுந்தாள். அம்மா என்றாள். ஐயோ என்னை விட்டுட்டுப் போயிட்டியே அம்மா என்றாள். அந்தப் பெண்ணின் மூச்சு கழுத்தில் சூடாகப் பட்டது. தோளில் கை வந்து உட்கார்ந்தது. வேறு எந்தக் கையும் இல்லை, பழைய கை. அதன் விரல் மூட்டுகள்கூடத் தெரிந்தன, இடது சுண்டுவிரலின் வளைவு. செங்கமலத்தின் இமை துடித்துவிட்டது. கட் என்றார் சாரங்கன். அவர் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். அம்மா, கண்ணு ஆடிடுச்சும்மா, இன்னொண்ணு போயிடலாம், அந்தச் சைடு லைட்டையும் கொஞ்சம் மாத்தணும் என்றார். அப்படியே படுத்திருக்கிறேன் என்று கையைக் காட்டினாள். கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் பெஞ்சுக்குப் பின்னால் குஞ்சம்மாள் நிற்பாள் என்று ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. செத்தவள் எங்கே நிற்பாள், ஆனால் விழுந்த எண்ணத்தை என்ன செய்வது.

போன மாதம் குஞ்சம்மாளையும் இப்படித்தான் கிடத்தியிருந்தார்கள். இதே பஞ்சு, இதே கட்டு. அவள் வாழாவெட்டியோ விதவையோ இல்லை, தாலியே கட்டிக்கொள்ளாதவள், அந்தக் கணக்கெல்லாம் அவர்கள் வீட்டில் கிடையாது, ஆகவே நெற்றியில் பொட்டு வைத்துத்தான் அனுப்பினார்கள். வசுமதி திருச்சியிலிருந்து வந்து இறங்கி, வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, வயிற்றையும் பார்க்காமல் ஓடி வந்து விழுந்தாள். அம்மா என்ற அந்தக் கூச்சலில் ஒரு வேஷமும் இல்லை. செங்கமலம் தலைமாட்டில் நின்றாள். அழ வேண்டும். கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். அது பொங்கலுக்கு வந்த படத்தில் மகன் செத்த சீனில் வைத்த கை. எடுத்துவிட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அது வீடு ஏலம் போகும்போது செய்தது. சுவரில் சாய்ந்தாள். எந்தச் சுவரில் எத்தனை தரம் சாய்ந்திருக்கிறாள். துக்கம் உள்ளே இருக்கிறது, பெரிதாக, நெஞ்சடைக்க இருக்கிறது, வெளியே வர அதற்கு ஒரு வழிகூட மிச்சம் இல்லை, எல்லா வழியிலும் ஏற்கெனவே போய் வந்தாயிற்று. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றாள். படத்துல அந்த அழுகை அழுவா, பெத்தவளுக்கு ஒரு சொட்டு வரலை பாரு என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னது நன்றாகக் கேட்டது. சொல்லட்டும். அவளுக்குத் துக்கத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. கடைசி நாள் குஞ்சம்மாளுக்கு நாக்கு புரளவில்லை. செங்கமலத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லி, என்றாள். அவ்வளவுதான் வந்தது. சொல்லி. சொல்லிடு என்று சொல்ல வந்தாளா. சொல்லிடாதே என்று சொல்ல வந்தாளா. எத்தனை வருஷம் உதட்டைப் பார்த்து வசனம் பிடித்தவள், அந்த ஒரு உதட்டைப் படிக்க முடியவில்லை. சொல்லிடு என்றால் நாக்கு மேலே போகும். சொல்லிடாதே என்றாலும் அதே இடத்துக்குத்தான் போகும். இரண்டுக்கும் பாதி வழி ஒன்றுதான். காரியம் முடிந்து, ஆட்கள் போய், வசு அந்தக் கூடத்திலேயே சுருண்டு படுத்துக் கிடந்த நாட்களில் எல்லாம் சொல்லிவிடலாம் என்று கிட்டே போவாள். போய்க் காபி வேணுமா என்று கேட்டுவிட்டு வருவாள். நாளைக்கு நான் இந்த மாதிரி கிடக்கும்போது இவள் வந்து விழுந்து என்ன சொல்லி அழுவாள். அக்கா என்று அழுவாள். பெற்றது தெரியாமலே அக்கா என்று அழுதுவிட்டு ரயிலேறிப் போவாள். அந்த ஒன்றை நினைத்தால் செத்த பிறகும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. கட்டுகிற துணி, திணிக்கிற பஞ்சு, எதுவும் தாங்காது.

நாற்காலி நகர்ந்தது. காலடி. கனத்த, பின்பக்கம் சாய்ந்து நடக்கிற பிள்ளைத்தாச்சியின் காலடி. செங்கமலம் கண்ணைத் திறந்தாள். பெஞ்சுக்குப் பின்னால் யாரும் இல்லை. முன்னால் வசுமதி நின்றாள், பிளாஸ்டிக் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு. முகம் வெளிறியிருந்தது.

“அவர் டாக்சியோட கேட்டுல நிக்கிறார்க்கா. வண்டிக்கு நேரமாச்சு. போயிட்டு வரேன்.”

செங்கமலம் எழுந்து உட்கார்ந்தாள். ரூபாய் உருண்டு மடியில் விழுந்தது. முகவாய்க் கட்டை அவிழ்த்தாள், பஞ்சை எடுத்தாள். கால்விரல் கட்டு இருந்ததால் எழுந்து நிற்க முடியவில்லை. சுற்றிலும் விளக்குக்காரர்கள் இவர்களைக் கவனிக்காமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீ இங்க இருந்திருக்கக் கூடாது. பயந்துட்டியா?”

“அம்மாவை வச்சிருந்த மாதிரியே இருந்துச்சு. அதான் எழுந்து வந்துட்டேன்.”

“வசு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா...”

“வேண்டாம்க்கா.”

“என்னன்னு தெரியாம வேண்டாம்ங்கிறியே.”

“தெரியும்,” என்றாள் வசுமதி. கூடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். “அம்மாவே சொல்லிட்டாங்க. கல்யாணத்துக்கு முதல் நாள், தலைவாரி விடறப்ப. மூணு வருஷம் ஆச்சு.”

சொல்லி. சொல்லிட்டேன். அந்த மூன்றாவது முடிவு செங்கமலத்துக்குத் தோன்றவே இல்லை. தலைக்கு மேல் ஒரு விளக்கு அணைந்து இன்னொன்று எரிந்தது.

“தெரிஞ்சும் நீ...”

“சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நீ அவளை அம்மான்னுட்டா எனக்கு யாரும் இல்லாம போயிடும்டீ, நான் சாகிற வரைக்கும் மாத்திடாதேன்னாங்க. சரின்னேன்.”

“இப்ப அவ இல்லையேடீ,” என்றாள் செங்கமலம். கெஞ்சுகிற குரலாக வந்தது. இந்தக் குரலை எந்தப் படத்தில் எடுத்தோம் என்று தேடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வசுமதி பெரிய கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பொறுமையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

“இல்லாததனாலதான்க்கா. இருந்திருந்தா சண்டை போட்டாவது மாத்தியிருக்கலாம். போன மாசம் அம்மான்னு அழுதேனே, அது அவங்களுக்குக் கொடுத்தது. அதைத் திருப்பி வாங்கி உங்களுக்குக் கொடுக்க முடியலை. நானும் நினைச்சுப் பார்த்தேன். ராத்திரியெல்லாம் தனியா சொல்லிப் பார்த்தேன். வாய் வரமாட்டேங்குது. என்மேல கோபப்படாதீங்க.”

செங்கமலம் கோபம் இல்லை என்று தலையாட்டினாள். மடியில் கிடந்த ரூபாயை எடுத்து மறுபடி கீழே வைத்தாள்.

“பிரசவத்துக்கு இங்கதான் வருவேன்,” என்றாள் வசுமதி. “மாமியார் அவங்க ஊர்லயே வச்சுக்கலாம்ங்கிறாங்க. முடியாது, தாய் வீட்டுக்குத்தான் போவேன்னு சொல்லிட்டேன். ஷூட்டிங் கீட்டிங்னு வீட்டைப் பூட்டிப் போட்டுடாதீங்க.”

“பூட்டமாட்டேன்.”

“பிறக்கிறது உங்களைப் பெரியம்மான்னு கூப்பிடும். கூப்பிடணும் இல்லையா, முறை அதுதானே.”

முறை அதுதான். செங்கமலம் கையை நீட்டி அவள் வயிற்றைத் தொடப் போனாள். பிண வேஷத்தில் தொடலாமோ என்று பாதியில் நிறுத்தினாள். வசுமதி அந்தக் கையைப் பிடித்துத் தானே வயிற்றில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம். பிறகு வரேன்க்கா என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த ஒயர்களைப் பார்த்துப் பார்த்துத் தாண்டி, பெரிய கதவின் வெளிச்சத்துக்குள் போனாள். டாக்சிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறதா என்று இவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

ரெடியாம்மா என்று உதவி டைரக்டர் வந்தான். படுத்தாள். பஞ்சு, கட்டு, ரூபாய். இந்தத் தடவை இமை ஆடவில்லை. நளினா விழுந்து அம்மா அம்மா என்று கதறினாள், கிளிசரின் கண்ணீர் காதுக்குள் வழிந்தது, செங்கமலம் உள்ளே எங்கேயோ வெகுதூரத்தில் பெரியம்மா என்ற சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், முன்னால் ஒட்டியிருப்பதை எடுத்தால் மிச்சம் என்ன என்று பார்த்தாள், எடுக்க வரவில்லை, ஒட்டியே இருந்தது, வசு அதைத் தெரிந்து சொன்னாளா தெரியாமல் சொன்னாளா, அந்தப் பிள்ளை நாக்கு திரும்புகிற வயசில் முன்பாதியைச் சொல்ல வராமல் பின்பாதியை மட்டும் சொல்லுமோ, சொன்னால் அப்போது தோளில் கை வருமோ, வந்தால் வரட்டும், உன்னைக் கூப்பிடல என்று யாருக்கு யார் சொல்வது. சாரங்கன் ஓகே சொன்னது அவளுக்குக் கேட்கவே இல்லை. நளினா மார்மேலிருந்து எழுந்து கண்ணைக் கழுவ ஓடியபோதுதான் முடிந்தது என்று தெரிந்தது. இவ்வளவு நல்ல சாவு நான் எடுத்ததே இல்லைம்மா என்றார் சாரங்கன். பிறகு அந்தத் தொழிலில் செத்தவர்கள் கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. பிணமாக நடித்தவர் அந்தக் கோலத்தோடே எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிப்பார்கள், அப்போதுதான் வேஷத்துச் சாவு வீட்டுக்குப் பின்னாலேயே வராது. சிரிங்கம்மா என்றார்கள். எழுந்து உட்கார்ந்தாள். விளக்கு வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் கறுப்பாக இருந்தது, அங்கே மடக்கு நாற்காலி காலியாகக் கிடக்கிறதா, யாராவது வந்து உட்கார்ந்துவிட்டார்களா என்று தெரியவில்லை. உட்கார்ந்திருந்தால் அது குஞ்சம்மாள்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்த இருட்டைப் பார்த்துத்தான் சிரித்தாள். முதலில் சாதாரணமாகத்தான் வந்தது. பரணிலிருந்த பையன்கள்கூடச் சிரித்தார்கள். போதும்மா, வந்துடுச்சு என்றார் சாரங்கன். கேமரா நின்றது. நளினா துண்டால் முகத்தைத் துடைத்தபடி திரும்பிப் பார்த்தாள். செங்கமலத்துக்கு நிறுத்தத் தெரியவில்லை. தோள் குலுங்கிற்று, மாலை இதழ் இதழாக உதிர்ந்தது, சிரிப்பு எங்கே முடிந்து வேறொன்று எங்கே தொடங்கிற்று என்று சுற்றி நின்றவர்களுக்கும் புரியவில்லை, கிட்டே வர ஒருவருக்கும் துணிவில்லை, கால் கட்டைவிரல் முடிச்சை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் எல்லாரும் அப்படியே நின்றார்கள்.